கிட்னி பயாப்ஸி: அப்பாவுக்குத்தான் சர்க்கரை இருக்கிறதே, பிறகு இது எதற்கு?

ஜூன் 3, இரவு 9.40 (கேள்வி)

அப்பாவுக்கு வயது 61. நாலு வருடமாகச் சர்க்கரை. மார்ச்சில் ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவாம், ஏறினால் கிட்னி சிரமப்படுகிறது என்று அர்த்தமாம்) 1.2 இருந்தது. மே கடைசியில் 2.1. நேற்று 2.6. யூரினில் புரோட்டீன் போகிறது, ரத்தமும் போகிறதாம். கண்ணுக்குத் தெரியவில்லை, டெஸ்டில்தான் வந்தது. சர்க்கரைக்காரர்களுக்குக் கிட்னி பாதிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? ஆனால் கிட்னி டாக்டர் பயாப்ஸி, அதாவது ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, எடுக்க வேண்டும் என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அப்பா "கேன்சரா?" என்றார். அதற்கப்புறம் பேசவே இல்லை. ஏற்கெனவே கெட்டுப்போன கிட்னியில் ஊசி குத்தினால் இன்னும் கெடாதா? பண்ணிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 10.25

தம்பி, நான் பண்ணிக்கொண்டவள். இரண்டு வருடம் ஆகிறது.

முதலில் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: இது கேன்சருக்காக எடுப்பது இல்லை. கிட்னியில் கட்டி என்று சந்தேகம் வந்தால் பல நேரம் ஸ்கேனை வைத்தே ஆபரேஷனுக்குப் போய்விடுகிறார்கள். இப்போது அப்பாவுக்குச் சொல்லியிருப்பது வேறு. கிட்னிக்குள் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகள் இருக்கின்றன, குளோமெருலஸ் என்பார்கள். அவை எதனால் பழுதாகின்றன, எத்தனை பழுதாகிவிட்டன, எத்தனை பிழைக்கும் என்று பார்க்கத்தான் இந்த ஊசி. ரத்தப் பரிசோதனை கிட்னி சிரமப்படுகிறது என்று மட்டும் சொல்லும். பெரும்பாலும் ஏன் என்று சொல்லாது. ஸ்கேன் அளவையும் வடிவத்தையும் காட்டும், அவ்வளவுதான்.

எனக்கு வந்தது ஐஜிஏ நெஃப்ரோபதி, ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் வடிகட்டிகளில் படிகிற நோய். பயாப்ஸி எடுத்திருக்காவிட்டால் அந்தப் பெயரே தெரிந்திருக்காது. பயப்படாமல் ஒரு இரண்டு வாரம் யோசித்து முடிவெடுங்கள். நான் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 4, காலை 5.50

நேற்று கடைசியாக எழுதிய இரண்டு வரிகளை அடித்துவிடுங்கள். தூக்கம் வராமல் உங்கள் எண்களை மறுபடி பார்த்தேன். தப்பாகச் சொல்லிவிட்டேன்.

என் கிரியேட்டினின் ஒரு வருடமாக 1.3-லேயே நின்றது. அதனால்தான் தள்ளிப்போட முடிந்தது. உங்கள் அப்பாவுக்கு மூன்று மாதத்துக்குள் 1.2-இலிருந்து 2.6. கிரியேட்டினின் இரண்டு மடங்கானால் வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது என்று அர்த்தம். அதிலும் 2.1-க்கும் 2.6-க்கும் நடுவில் சில நாட்கள்தான். சர்க்கரையால் வரும் கிட்னி பாதிப்பு இப்படி ஓடாது. பல வருடம் புரோட்டீன் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, பிறகுதான் கிரியேட்டினின் மெதுவாக ஏறும். உங்கள் டாக்டர் சந்தேகப்படுவது இந்த வேகத்தையும், கூடவே வரும் ரத்தத்தையும் பார்த்துத்தான் இருக்கும்.

வடிகட்டிகளில் கடுமையான அழற்சி என்றால் வாரக் கணக்கில் அவை தழும்பாகிவிடும். தழும்பான வடிகட்டி திரும்ப வராது. இன்றே போய் "எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். என் இரண்டு மாதத்தை உங்கள் அப்பாவுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள்.

ஜூன் 4, மதியம் 1.15

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அப்பாவுக்குக் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தாரா? சர்க்கரை கிட்னியின் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தாக்கும்போது பெரும்பாலும் கண்ணிலும் அடையாளம் வைத்திருக்கும். கண் சுத்தமாக இருந்து கிட்னி மட்டும் கெட்டால் வேறு காரணம் தேட வேண்டும் என்பது டாக்டர்களின் கணக்கு. பத்துக்குப் பத்து சரியாக வரும் விதி இல்லை, ஆனால் கேட்டு வையுங்கள்.

ஜூன் 4, இரவு 8.30

நாளை மறுநாள் சேரச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அப்பா "அங்கே என்னதான் பண்ணுவார்கள்?" என்று கேட்டாராம். அவர் கேட்டதே பெரிய விஷயம். எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன், படித்துக் காட்டுங்கள்.

முந்தின நாள் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின், பிளேட்லெட், ரத்தம் உறையும் நேரம், ரத்த வகை. யூரினில் தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். காலையில் பிரஷர் பார்த்தபோது 156/94. கீழே இறங்கும் வரை ஊசி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பொதுவாக 140/90-க்குக் கீழே இருக்க வேண்டும், ஏனென்றால் பிரஷர் அதிகமானால் ரத்தக் கசிவும் அதிகமாகும். மாத்திரை கொடுத்து மதியம் வரை காத்திருந்தார்கள்.

அப்புறம் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். வயிற்றுக்குக் கீழே சுருட்டிய துணி. கிட்னி முதுகுப் பக்கம்தான் இருக்கிறது, அது மேலே எழும்பி நிற்பதற்கு. ஸ்கேன் ஜெல் சில்லென்று இருந்தது. இடது கிட்னியின் கீழ் முனையைத் தேடி முதுகில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்கள். பெரிய ரத்தக் குழாய்கள் கிட்னியின் நடுப்பகுதியில் நுழைகின்றன, கீழ் முனை அவற்றிலிருந்து தள்ளி இருக்கிறது.

மரத்துப்போகும் ஊசிதான் எரிந்தது, அதுவும் பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. தோலில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சின்னக் கீறல். ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே பயாப்ஸி ஊசியை இறக்கினார்கள். உள்ளே யாரோ கட்டைவிரலால் அழுத்துவது மாதிரி இருந்தது, குத்துகிற வலி இல்லை. "மூச்சை இழுங்கள், அப்படியே நிறுத்துங்கள்" என்றார் டாக்டர். நிறுத்தினேன். "டக்" என்று ஒரு சத்தம், காகிதத்தில் ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி சத்தம். "மூச்சு விடுங்கள்." அவ்வளவுதான். அந்தச் சத்தம் வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் முதல் தடவை உடம்பு தூக்கிப்போட்டது. அப்பாவிடம் சத்தத்தைச் சொல்லி வையுங்கள்.

மூச்சை ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள் என்றால், நாம் மூச்சு விடும்போது கிட்னி மேலும் கீழும் போய்வருகிறது. ஊசி உள்ளே இருக்கும்போது அது நகர்ந்தால் கிழியும். இப்போதே வீட்டில் குப்புறப் படுத்து, மூச்சை இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடித்துப் பழகச் சொல்லுங்கள். நான் பழகிக்கொண்டு போனேன், உதவியது.

இரண்டு துண்டு எடுத்தார்கள். ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் காட்டினார்கள். தடித்த தையல் நூலை ஒன்றரை சென்டிமீட்டருக்கு வெட்டிப் போட்ட மாதிரி, ஒரு முனை சிவப்பாக, மறுமுனை வெளிறி. அவ்வளவு சின்னது. அதன் பிறகு நாலு மணி நேரம் மல்லாந்து படுக்க வேண்டும். நம் உடம்பின் பாரமே காயத்தை அழுத்திப் பிடிக்கும்.

ஜூன் 5, காலை 7.05

அப்பா தினமும் ஆஸ்பிரின் போடுகிறார், மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக்கும் போடுகிறார் என்று இப்போதுதான் எழுதியிருக்கிறீர்கள். டாக்டருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த நிமிடமே போன் பண்ணிச் சொல்லுங்கள். ஆஸ்பிரின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல், வார்ஃபரின், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள் எல்லாமே ரத்தக் கசிவைக் கூட்டும். அவசரமில்லாத பயாப்ஸி என்றால் ஆஸ்பிரினை ஏழு நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள். டைக்ளோஃபினாக் போன்றவை தாமாகவே கிட்னியைக் கெடுக்கவும் கூடியவை.

ஜூன் 5, காலை 9.20

மேலே எழுதியதைப் படித்துவிட்டு இன்னொருவர் "அப்படியானால் நானும் ஆஸ்பிரினை இன்றே நிறுத்திவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறார். நான் சொன்னது அது இல்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. என்ன சாப்பிடுகிறோம் என்பதை ஒன்று விடாமல் எழுதிக் கொடுப்பதுதான் நம் வேலை. நிறுத்துவதும் தொடர்வதும் அவர்கள் முடிவு.

தம்பி, அப்பா விஷயத்தில் ஏழு நாள் காத்திருக்க நேரம் இருக்காது. கசிவு ஆபத்தையும் காத்திருக்கும் ஆபத்தையும் எடை போட்டு முடிவு செய்வார்கள். சிலருக்கு பிளேட்லெட் நன்றாக ஒட்டுவதற்கு டெஸ்மோபிரெசின் என்ற மருந்தை முன்னதாகக் கொடுப்பதும் உண்டு. அதைப் பற்றிக் கேட்கலாம்.

ஜூன் 5, இரவு 10.40

"ஊசி குத்தினால் இன்னும் கெடாதா?" உங்கள் முதல் கேள்வியே இதுதான். சுற்றி வளைத்து எதை எதையோ எழுதினேன், இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒரு கிட்னியில் சராசரியாக 10 லட்சம் வடிகட்டிகள். பயாப்ஸியில் வருவது பத்து, இருபது, நன்றாக எடுத்தால் முப்பது. அந்த இழப்பு கிட்னிக்குத் தெரியவே தெரியாது. ஆபத்து ரத்தக் கசிவில்தான். கிட்னியைச் சுற்றிக் கொஞ்சம் ரத்தம் கட்டுவது சகஜம், பெரும்பாலும் தானாகக் கரையும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி யூரினில் ரத்தம் போவது நூற்றில் மூன்று நாலு பேருக்கு. ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு. கசியும் ரத்தக் குழாயைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகப் போய் அடைக்க வேண்டி வருவது அதிலும் குறைவு. கிட்னியையே எடுக்க வேண்டி வருவது மிக மிக அபூர்வம். கிரியேட்டினினும் பிரஷரும் அதிகமாக இருப்பவர்களுக்கு ஆபத்து இதைவிடக் கூடும், அதை மறைக்க மாட்டேன்.

வடிகட்டிகள் இவ்வளவு குறைவாக வருவதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரண்டு கிட்னியிலுமாக 20 லட்சத்தில் இருபதைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு அது. சில நோய்கள் அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் தாக்கும். ஊசி நோய் தாக்காத இடத்தில் விழுந்துவிட்டால் நோய் தெரியாமல் போகும். ஊசி ஆழமாகப் போய்க் கிட்னியின் உட்பகுதி மட்டும் வந்தால் வடிகட்டிகளே இருக்காது, திரும்ப எடுக்க வேண்டும். எனக்கு எடுத்த துண்டை ஒருவர் பக்கத்திலேயே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து "இருக்கிறது, போதும்" என்ற பிறகுதான் ஊசியைக் கீழே வைத்தார்கள்.

ஜூன் 6, மதியம் 3.10

அப்பா அட்மிட் ஆகிவிட்டார், படுத்துக்கொண்டு இந்த இழையைப் படிக்கிறார் என்று தெரிந்து சந்தோஷம். அப்படியானால் இது உங்களுக்கு, ஐயா. கோபன்ஹேகனில் ஐவர்சன், ப்ரூன் என்ற இரண்டு டாக்டர்கள் 1951-இல் இந்த முறையைப் பற்றி எழுதியபோது நோயாளியை உட்கார வைத்துத்தான் ஊசி போட்டார்கள். அப்போது இன்றைய ஸ்கேன் கிடையாது. பல தடவை கிட்னியே அகப்படாது. 1954-இல் சிகாகோவில் கார்க், முர்க் என்ற இருவர் குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். முதலில் ஒரு மெல்லிய ஊசியை இறக்குவார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் முனை மூச்சுக்கு ஏற்ப ஆடினால் கிட்னியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். 96 சதவீதம் பேருக்குத் திசு கிடைத்தது. நாளை நீங்கள் குப்புறப் படுப்பதும், மூச்சை நிறுத்துவதும் அங்கிருந்து வந்தவைதான்.

ஜூன் 6, மாலை 6.00

பழைய டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்கு எடுத்தது இரண்டு துண்டு இல்லை, மூன்று. மல்லாந்து படுத்தது ஆறு மணி நேரம், நாலு இல்லை. அன்று இரவும் அங்கேயே வைத்திருந்தார்கள். ஏன் என்று இப்போது புரிகிறது. கசிவு எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடாது. எட்டு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினால் மூன்றில் ஒரு பங்கு சிக்கல்கள் கண்ணில் படாமல் போகும் என்று ஒரு ஆய்வில் வந்திருக்கிறது. அப்பாவை "சாயங்காலமே போகலாம்" என்றாலும் ஒரு இரவு இருக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஜூன் 7, இரவு 7.45

முடிந்தது என்று பார்த்தேன். "சத்தம் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருந்தது" என்று அவரே டைப் செய்த வரியை மூன்று தடவை படித்தேன்.

முதல் யூரின் இளஞ்சிவப்பாக இருந்தது என்று பயந்திருக்கிறீர்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் தனித்தனிக் குப்பியில் பிடித்து, நேரத்தை எழுதி ஒட்டி, ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தார்கள். முதல் குப்பி துரு நிறம், இரண்டாவது வெளிறிய சிவப்பு, நாலாவது மஞ்சள். அந்த வரிசையைத்தான் பார்க்க வேண்டும். நிறம் இறங்கிக்கொண்டே போனால் சரி. ஏறினாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, யூரின் வராமல் அடைத்துக்கொண்டாலோ, விலாவுக்குக் கீழே வலி கூடினாலோ, தலை சுற்றினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். நாடித் துடிப்பு ஏறி பிரஷர் இறங்குவதும் உள்ளே கசிவதன் அறிகுறிதான். அவர்கள் அடிக்கடி வந்து பிரஷர் பார்ப்பது அதற்காக. தூக்கத்தைக் கெடுக்கிறார்கள் என்று அப்பா கோபப்பட வேண்டாம்.

ஜூன் 8, இரவு 9.15

மஞ்சளாகிவிட்டது. நல்லது.

ஜூன் 9, மதியம் 2.30

முதல் ரிப்போர்ட் இவ்வளவு சீக்கிரம் வந்ததே, அவர்கள் அவசரம் என்று குறித்து அனுப்பியதால்தான். 18 வடிகட்டிகள். எட்டில் செல்களால் ஆன பிறை, இரண்டில் நாரான பிறை, இரண்டு முழுத் தழும்பு.

பிறை என்பது பார்ப்பதற்கு அப்படியே இருப்பதால் வந்த பெயர். வடிகட்டி முடிச்சைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. முடிச்சு வெடித்துக் கசியும்போது அந்த உறைக்குள் செல்கள் பெருகி, நிலாப் பிறை வடிவத்தில் நிரம்பி, முடிச்சை ஓரமாக நெருக்குகின்றன. செல்களாக இருக்கும் வரை மருந்து கேட்கும். நாராகிவிட்டால் கேட்காது. எட்டும் இரண்டும் என்று பிரித்துச் சொன்னது அதற்குத்தான். எட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு வாரம் யோசியுங்கள் என்று நான் எழுதியதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஸ்டீராய்டு இன்றே நரம்பு வழியாக ஆரம்பித்துவிட்டார்கள் என்கிறீர்கள். சர்க்கரை தாறுமாறாக ஏறும். இன்சுலின் அளவை மாற்ற வேண்டி வரும், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 12, காலை 11.00

"இம்யூனோபுளோரசன்ஸில் ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது, அப்படியானால் முதல் ரிப்போர்ட் தப்பா?" இல்லை தம்பி. அந்த "ஒன்றும் இல்லை"தான் பதில்.

எடுத்த துண்டைப் பங்கு போடுவார்கள். ஒரு பங்கு ஃபார்மலினில் போய்ச் சாதாரண மைக்ராஸ்கோப்புக்கு. ஒரு பங்கை உறைய வைத்து, ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள், இம்யூனோபுளோரசன்ஸ் என்பது இதுதான். எந்த எதிர்ப்புப் புரதம் வடிகட்டியில் படிந்திருக்கிறதோ அது இருட்டில் பச்சையாக ஒளிரும். எனக்கு ஐஜிஏ ஒளிர்ந்தது. அந்தச் சாயம் இல்லாவிட்டால் என் நோய் உலகத்துக்கே தெரிந்திருக்காது. 1968-இல் பாரிஸில் பெர்ஜேயும் ஹின்க்ளேயும் இந்த முறையில் பார்த்துத்தான் அதை முதலில் எழுதினார்கள். மூன்றாவது பங்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு.

அப்பாவுக்கு எதுவும் படியாமல் பிறைகள் மட்டும் இருக்கின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்களின் அழற்சி அப்படித்தான் காட்டும். கூடவே அந்த அழற்சியோடு சேர்ந்து வரும் எதிர்ப்புப் புரதத்தை ரத்தத்தில் தேடும் ஆன்கா டெஸ்டும் பாசிட்டிவ் என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. ஸ்டீராய்டோடு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் அல்லது சைக்ளோஃபாஸ்ஃபமைடு சேர்ப்பார்கள்.

ஜூன் 13, இரவு 11.20

என் ரிப்போர்ட் இப்படி மூன்று தவணையாக வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் தாளில் "மெசாஞ்சியல் பெருக்கம்" (வடிகட்டி முடிச்சின் நடுவே தாங்கி நிற்கும் செல்கள் பெருகியிருக்கின்றன) என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லாத நோய் என்று நினைத்துக்கொண்டு ஐந்து நாள் யாரிடமும் பேசவில்லை. ஆறாவது நாள் ஐஜிஏ என்று வந்தது. பெயர் கிடைத்ததே பாதி நிம்மதி. அதன் கீழே M1 E0 S1 T1 C0 என்று ஒரு வரி இருந்தது. ஐஜிஏ நோயில் எந்தப் பாதிப்பு எவ்வளவு என்று எழுத்தும் எண்ணுமாகக் குறிக்கும் ஆக்ஸ்ஃபோர்டு வகைப்பாடு அது, 2009-இல் வந்தது, C மட்டும் பின்னால் சேர்ந்தது. அதில் T என்பது வடிகட்டிகளுக்கு நடுவே உள்ள திசுவில் எவ்வளவு தழும்பு என்ற கணக்கு. T1 என்றால் கால் பங்குக்கு மேல், பாதிக்குள். என் ஸ்டீராய்டு முடிவு அந்த வரியைப் பார்த்துத்தான் எடுக்கப்பட்டது, நோயின் பெயரைப் பார்த்து இல்லை. அப்பாவின் ரிப்போர்ட்டிலும் இந்தத் தழும்புச் சதவீதம் இருக்கும். டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

ஜூன் 28, மாலை 4.40

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பிலும் படிவு இல்லை, வடிகட்டிச் சவ்வு மட்டும் லேசாகத் தடித்திருக்கிறது என்று வந்ததாம். அந்தத் தடிப்பு சர்க்கரையின் பங்கு. அது மெதுவாக வேலை செய்துகொண்டிருந்தது, வேகமாகக் கெடுத்தது வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்று இப்போதுதான் எனக்கும் புரிகிறது.

ஜூலை 2, காலை 8.10

3.3 வரை போன கிரியேட்டினின் 2.2-க்கு இறங்கியிருக்கிறது. இது எங்கே போய் நிற்கும் என்று இன்னும் சில மாதம் பார்க்க வேண்டும்.

இரண்டு காரியம் செய்து வையுங்கள். ரிப்போர்ட் மூன்றின் நகலையும் வாங்குங்கள். மெழுகில் புதைத்த திசுத் துண்டையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும், வேறு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் மறுபடி ஊசி போடாமல் அவற்றையே அனுப்பிப் பார்க்கலாம்.

ஐயா, பேரனை எப்போது தூக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கனமான எதையும் ஒன்று முதல் இரண்டு வாரம் தூக்க வேண்டாம் என்பார்கள். உங்களுக்கு மூன்று வாரம் தாண்டிவிட்டது, ஊசி போட்ட இடம் தடையில்லை. ஆனால் இப்போது போடுகிற மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். பையனுக்குச் சளி இருந்தால் மட்டும் அன்றைக்குத் தூக்காதீர்கள்.